களப் பதிவில் எங்கே பிசகுகிறது: காதில் விழும் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சமையலறை, மாடிப்படி, ரயில் நிலையம், மழை விட்ட தெரு என்று அன்றாட இடங்களின் ஒலியைப் பதிவு செய்பவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வீடு திரும்பிய பிறகுதான் தெரியவருகின்றன. அதற்குள் அந்த நேரம் போயிருக்கும். எடிட்டிங் மென்பொருளால் சிலவற்றை மறைக்கலாம். அடியோடு நீக்கக்கூடியவை மிகக் குறைவு. அதனால் கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்று சரிபார்க்கக் கூடியவை. உங்களுக்கு எது கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையைத் தாண்டிவிட்டுப் போகாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

வேண்டாத ஒலி எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் கெயினைத் (மைக் ஒலியை ரெக்கார்டர் பெருக்கும் அளவை) திருகுவதும் ஃபில்டர் போடுவதும் வீண். அது அந்த இடத்திலேயே இருக்கலாம், மைக்கில் படும் காற்றிலும் கையிலும் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், ரெக்கார்டருக்குள்ளும் இருக்கலாம். நான்கு படிகளில் பிரித்துவிடலாம்.

1. ஹெட்போனைக் கழற்றி, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் வெறும் காதால் கேளுங்கள். அந்தச் சத்தம் அங்கேயே இருக்கிறதா?
2. ஹெட்போனை மாட்டி, பதிவு தொடங்காமல் கேளுங்கள். காதை முழுதாக மூடும் வகை ஹெட்போன் வேண்டும். காதுக்குள் செருகும் சாதாரண இயர்போனில் வெளிச் சத்தமும் கலந்துவிடுவதால் எது மைக்கில் வருகிறது என்று பிரிக்க முடியாது.
3. கெயினைத் தொடாமல் மைக்கைத் தடித்த போர்வையில் சுற்றுங்கள். சத்தம் குறைந்தால் அது காற்று வழியாக வருகிறது. குறையாவிட்டால் மின்சார வழி. ஆனால் தாழ்ந்த முரலைப் போர்வை அதிகம் தடுக்காது. அதைச் சோதிக்க மைக்கோடும் ரெக்கார்டரோடும் பக்கத்து அறைக்குப் போய்ப் பாருங்கள்.
4. ஃபேண்டம் பவரை (ரெக்கார்டர் கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) அணைத்து, சில நொடி பொறுத்து, மைக்கைக் கழற்றுங்கள். அப்போதும் சத்தம் நின்றபாடில்லை என்றால் கோளாறு ரெக்கார்டரிலோ ஹெட்போன் பகுதியிலோ இருக்கிறது. ஒரு நிமிடம் பதிவு செய்து அந்தக் கோப்பை வேறொரு கருவியில் கேட்டால் அந்த இரண்டில் எது என்றும் தெரிந்துவிடும். சிறிய ரெக்கார்டர்களின் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் தானே சீறும். கோப்பில் அது இருக்காது.

அடியில் விடாமல் 'ம்ம்ம்' என்று ஒரு முரல்

மின்விநியோகம் சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. கேபிள் அந்த மின்புலத்தை உறிஞ்சினால் பதிவில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வரும். டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக் போன்றவை உண்மையிலேயே அதிர்ந்து எழுப்பும் ஒலியோ இரண்டு மடங்கில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஓங்கி நிற்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்து எந்த இடத்தில் முதல் முகடு இருக்கிறது என்று பார்த்தால் ஒரு குறிப்பு கிடைக்கும். தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தீர்ப்பு சொல்வது மேலே உள்ள மூன்றாம் படிதான்.

மின்சார வழி என்றால்: சார்ஜரைக் கழற்றி ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டுங்கள். லேப்டாப்பில் பதிவு செய்தால் அதன் சார்ஜரையும் கழற்றுங்கள். இரண்டு கருவிகள் இரு வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிளும் அவற்றை இணைத்தால் ஒரு சுற்று உருவாகிவிடும். முரலுக்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான். மின்கம்பியையும் மைக் கேபிளையும் ஒன்றாகக் கட்டி இழுக்காதீர்கள். குறைந்தது 30 செ.மீ. இடைவெளி விடுங்கள், குறுக்கே போக வேண்டுமானால் செங்கோணத்தில் கடக்கட்டும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் முனை கொண்ட பேலன்ஸ்டு கேபிள் (இரட்டைக் கம்பியால் முரலை ரத்து செய்யும் வகை) நீளமாகப் போனாலும் தாங்கும். 3.5 மி.மீ. பிளக் கொண்ட கேபிளை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் நீட்டினால் முரலை வரவேற்பதாகத்தான் அர்த்தம்.

இடத்திலிருந்தே வருகிறது என்றால்: ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் இவற்றில் எது என்று பாருங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்கள் நெடுநாளாகச் செய்வது இது; திரும்ப ஆன் செய்யாமல் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியாது.

அணைக்க முடியாத முரலென்றால் மைக்கை நகர்த்துங்கள். தாழ்ந்த ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து அறைக்குள் நிலையலையாக நிற்கும். சுவரோரமும் மூலையும் அதற்கு மிக உரத்த இடங்கள். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். உச்சத்திலிருந்து பள்ளத்துக்குக் கால் அலைநீளம், அதாவது 85 செ.மீ. தான். ஹெட்போனோடு மைக்கை ஓரிரு அடி முன்பின் நகர்த்தினாலே முரல் பாதியாகும் இடம் ஒன்று அகப்படும்.

அதே சமயம், ஒவ்வொரு முரலும் கோளாறு அல்ல. எல்லாரும் கேட்டும் யாரும் கவனிக்காத இந்த மாதிரிப் பின்னணியை, ஓர் இடத்தின் மற்ற ஒலிகளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆதார சுருதியாகக் கருதினார் கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷேஃபர். சமையலறைப் பதிவிலிருந்து ஃபிரிட்ஜின் முரலை நாட்ச் ஃபில்டரால் (ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது) சுத்தமாக வெட்டிவிட்டால் மிஞ்சுவது சமையலறையாக இருக்காது. காற்று வழியாக வந்த முரலை 3 முதல் 6 டெசிபல் வரை குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மின்சார முரலுக்கு அந்தக் கருணை தேவையில்லை.

அமைதியான இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல்

இதற்குக் காரணம் மூன்று. முதலாவது மைக்கின் சொந்த இரைச்சல். அதன் விவரத் தாளில் டெசிபல் கணக்கில், ஏ-வெயிட்டிங் (காதின் உணர்வுக்கேற்பச் சரிசெய்த கணக்கு) என்ற குறிப்போடு கொடுத்திருப்பார்கள். 10 அல்லது அதற்கும் கீழ் இருந்தால் நள்ளிரவு அறையையும் பதிவு செய்யலாம்; 15 வரை அன்றாட இடங்களுக்குப் போதும்; 20-க்கு மேல் போனால் அமைதியான எந்த இடத்திலும் சீறல் கேட்கும். இரவில் அடங்கிய படுக்கையறையே 20 முதல் 30 டெசிபல்தான் என்று வைத்துப் பாருங்கள், மைக்கின் சத்தமும் அறையின் சத்தமும் தோளோடு தோள் நிற்கும். மேடைப் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் மைக் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1 முதல் 2 மில்லிவோல்ட் அளவுக்கே அதன் வெளியீடு இருப்பதால் 60 டெசிபலுக்கும் மேல் கெயின் கேட்கும்.

இரண்டாவது, கெயினைக் குறைவாக வைத்துவிட்டு வீட்டில் ஏற்றுவது. அப்படிச் செய்தால் ரெக்கார்டரின் முன்பெருக்கியும் (மைக் தரும் மின்குறியைப் பெரிதாக்கும் பகுதி) மாற்றியும் (அதை டிஜிட்டல் எண்ணாக்கும் பகுதி) தரும் இரைச்சலும் கூடவே ஏறும். சோதனை எளிது: கெயினை 12 டெசிபல் ஏற்றி, ஹெட்போன் ஒலியை அதே அளவு இறக்குங்கள். சீறல் குறைந்தால் குற்றவாளி ரெக்கார்டர். மாறாவிட்டால் மைக் அல்லது அந்த இடம். 32 பிட் ஃப்ளோட்டில் (மிக மெல்லியதும் மிக உரத்ததும் ஒன்றாக அடங்கும் பதிவு வடிவம்) பதிவு செய்தால் கெயின் பற்றிக் கவலை வேண்டாம் என்பது சரிதான், ஆனால் மைக்கின் சொந்த இரைச்சலை அது ஒரு துளிகூடக் குறைக்காது.

மூன்றாவதைப் பலரும் நினைப்பதில்லை: சீறல் உண்மையாகவே அங்கே இருக்கலாம். தொலைவுச் சாலை, இலைகள், காற்றுத் துவாரம், கேஸ் அடுப்பு எல்லாம் மெல்லிய சீறலாகவே வந்து சேரும். இரவுச் சிள்வண்டுகளும் தொலைவிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து ஒரே சீறலாகிவிடும். ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்தோடு அதிர்வெண்களைக் காட்டும் படம்) குறுகிய பட்டையாக ஒளிர்ந்தால் அது பூச்சி. எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் கருவி.

மருந்து எப்போதும் ஒன்றே: மூலத்துக்கு அருகே போவது. வெட்டவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் சுமார் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது. ஓரளவுக்கு மேல் விலகிவிட்டால் எதிரொலியே மேலோங்கி, அருகிலும் தொலைவிலும் லெவல் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒரே வகை மைக் இரண்டை அருகருகே வைத்து மோனோவாகச் சேர்த்தால் 3 டெசிபல் லாபம். மென்பொருளின் இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் இழுத்தால் தண்ணீருக்குள் கேட்பது போன்ற குளறல் வந்துவிடும். சீறலே மேல் என்று தோன்றும்.

'பும்... படபட' என்று அடிக்கிறது, காதுக்கு எதுவும் கேட்கவில்லை

மீட்டர் துள்ளுகிறது, ஹெட்போனில் பெரிதாக எதுவும் இல்லை என்றால் காற்று. காற்றின் சக்தி பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் சிறிய ஹெட்போன் அதைக் காட்டாமல் ஏமாற்றும். மைக்கோடு வரும் பஞ்சுத் தொப்பி அறைக்குள் மின்விசிறிக்கும் மெல்லிய இழுப்புக்கும் போதும். வெளியே உரோமத் தொப்பி வேண்டும். பலத்த காற்றில், மைக்கைச் சுற்றிச் சில செ.மீ. இடைவெளி விட்ட கூடும் அதன்மேல் உரோம உறையும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். காற்றைத் தடுப்பது அந்த அசையாத காற்றுவெளிதான். உரோமம் நனைந்தாலோ சடை பிடித்தாலோ மேல் அதிர்வெண்கள் மங்கும், உதறிச் சீவிவிடுங்கள்.

உறை இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. மைக்கைத் தரைக்கு அருகே இறக்குங்கள், தரையோரம் காற்று மெதுவாகவே வீசும். சுவர், புதர், உங்கள் உடல் எதையாவது மறைப்பாக வையுங்கள். ஷாட்கன், கார்டியாய்டு போன்ற திசை மைக்குகளைவிட எல்லாத் திசையும் கேட்கும் ஓம்னி மைக் காற்றைப் பல மடங்கு தாங்கும். லோ-கட் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில் மைக்கிலேயே போடுங்கள். காற்று அடித்து முன்பெருக்கி நிரம்பி உடைந்த பிறகு வீட்டில் போடும் ஃபில்டரால் பயனில்லை.

மழைத் துளி உறைமேல் விழுந்து 'டொப் டொப்' என்றால் மேலே சற்று இடைவெளி விட்டு, முரட்டு நார் மெத்தை ஒன்றைக் கூரையாக நிறுத்துங்கள். துளி நாரில் சிதறிச் சத்தமின்றி இறங்கும். பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் கச்சேரி இன்னும் உரத்துக் கேட்கும்.

உரத்த கணத்தில் கரகரத்து உடைகிறது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலை தட்டையாகி, அது சரியாக 0 டெசிபலில் (இங்கே அது கோப்பு தாங்கும் உச்ச அளவு) இருந்தால் டிஜிட்டல் மாற்றி நிரம்பியது. தட்டை 0-க்குக் கீழேயே, உதாரணமாக -6-இல் இருந்தால் அதற்கு முன்னாலேயே, மைக்கிலோ முன்பெருக்கியிலோ உடைந்திருக்கிறது. லெவலைக் குறைத்ததால் மீட்டர் ஒழுங்காகக் காட்டியிருக்கும். முதல் வகைக்குக் கெயினைக் குறைத்து, உச்சம் -12 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள்; 24 பிட்டில் அதனால் எதுவும் நஷ்டமில்லை. கதவு அறைவது, ஹார்ன், மணி போன்ற எதிர்பாராத சத்தம் உள்ள இடத்தில் -20-இல் வைத்தாலும் தப்பில்லை. இரண்டாம் வகைக்கு மைக்கின் பேட் சுவிட்சை (ஒலியளவைக் குறைக்கும் சுவிட்ச்) போடுங்கள் அல்லது விலகி நில்லுங்கள். 32 பிட் ஃப்ளோட் மாற்றிக் கட்டத்தைத்தான் காப்பாற்றும். சிறிய எலக்ட்ரெட் காப்சூல்கள் (மைக்குக்குள் ஒலியை வாங்கும் பகுதி) பல 110 முதல் 120 டெசிபலிலேயே உடைந்துவிடும், அதன்பின் எத்தனை பிட் இருந்தாலும் ஒன்றுதான்.

உரசல், தட்டல், 'கிறுக் கிறுக்'

கையில் பிடித்திருந்தால் காரணம் கைதான். மோதிரம், கைக்கடிகாரம், நைலான் சட்டை, மூக்குச் சளி, வயிற்றின் கடமுடா என்று மைக் எதையும் மன்னிக்காது. முக்காலியில் வையுங்கள். மேசைமேல் சிறு முக்காலி வைத்தால் மேசையின் அதிர்வெல்லாம் கால் வழியே ஏறும். நாலாக மடித்த துணியை அடியில் போடுங்கள். மைக்கை அதிர்விலிருந்து பிரிக்கும் ரப்பர் தொங்கல் இருந்தும் 'தட்' கேட்டால் பெரும்பாலும் கேபிள்தான் அதிர்வைக் கடத்துகிறது. மைக்குக்கு அருகில் கேபிளை ஒரு வளையமாகச் சுற்றி, தொங்கலின் அசையாத பகுதியில் கட்டிவிடுங்கள்.

பொத்தானை அழுத்தும் சத்தத்தைத் தவிர்க்க முயல வேண்டாம். முன்னும் பின்னும் 10 நொடி அதிகமாக ஓட விட்டு வெட்டிவிடுங்கள். சூழலைப் பதிவு செய்வதற்கு எல்லாவற்றையும்விட நல்ல வழி ரெக்கார்டரை வைத்துவிட்டு நகர்ந்துபோவது. ஆளில்லாமல் அரைமணி நேரம் ஓடும் பதிவில், ஆள் வந்ததால் அடங்கிப்போன பறவையும் தவளையும் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் தொடங்கிவிடும்.

விட்டு விட்டு 'டட்-டட்-டட், ர்ர்ர்ர்'

செல்போன். பழைய ஜிஎஸ்எம் முறையில் போன் நொடிக்கு 217 முறை துடிப்புகளாக அலைபரப்பும். அந்தத் துடிப்பு கேபிளில் ஏறி 217 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும். ஃபிளைட் மோடில் போடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களிடமும் சொல்லுங்கள்.

ஈரமான காற்றில் 'பட்... பொரிபொரி'

கண்டென்சர் மைக்கின் காப்சூலில் ஈரம் படிந்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசியும். பொரிவது போலச் சத்தம் வரும், சில சமயம் ஒலியே முழுதாக மங்கும். ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குக் கொண்டுவந்ததும் கண்ணாடி வேர்ப்பது போல மைக்கும் வேர்ப்பதே காரணம். பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து 20, 30 நிமிடம் வெப்பநிலை சமனாக விடுங்கள், பிறகு திறங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முடி உலர்த்தியால் சூடுகாற்று அடிக்காதீர்கள். சென்ஹைசரின் எம்கேஹெச் வரிசை போல ரேடியோ அதிர்வெண் சுற்றில் இயங்கும் கண்டென்சர்கள் ஈரத்தை நன்றாகத் தாங்குவதால்தான் காட்டிலும் கடற்கரையிலும் வேலை செய்பவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள்.

பிளக்கை மெல்ல அசைக்கும்போது மட்டும் பொரிந்தால் அது ஈரமல்ல, கேபிளின் சால்டர் விட்டுப்போயிருக்கிறது.

ஸ்டீரியோ விசித்திரமாக இருக்கிறது

மோனோவில் கேட்டதும் நடுவிலிருந்த ஒலி காணாமல் போகிறது, தாழ்ந்த ஒலிகள் மெலிகின்றன என்றால் ஒரு பக்கத்தின் துருவம் தலைகீழாக இருக்கிறது. கேபிளுக்குள் இரண்டாம், மூன்றாம் முனைகளை மாற்றி ஒட்டியிருப்பார்கள். மென்பொருளில் ஒரு சேனலை 'இன்வெர்ட்' செய்தால் சரியாகிவிடும். துருவம் சரியாக இருந்தும் மோனோவில் குழாய்க்குள் பேசுவது போல் இருந்தால் மைக்குகளுக்கு இடையிலான தூரம் காரணம். அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு ஓம்னி வைக்கும் முறை ஹெட்போனுக்கு அருமை, மோனோவுக்கு அவ்வளவு ஒத்துவராது. 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரிவு கொண்ட ஓஆர்டிஎஃப் அமைப்பு இரண்டுக்கும் நடுவான சமரசம். இடது பக்கம் இயல்பாகவும் வலது பக்கம் பொள்ளலாகவும் கேட்டால் மிட்-சைடு முறையில் (ஒரு சேனலில் நடு ஒலி, மற்றதில் பக்கவாட்டு ஒலி) பதிவாகியிருக்கும். கோப்பு கெடவில்லை, மென்பொருளில் இடம், வலமாக டிகோட் செய்தால் போதும்.

ஒட்டு மைக்கில் 'கிணுகிணு' மட்டும், கனமே இல்லை

கைப்பிடிக் கம்பி, ஜன்னல் கண்ணாடி, வேலி இவற்றின் உள்ளதிர்வைக் கேட்கப் பியெசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக்கும் மெல்லிய தகடு) ஒட்டுபவர்கள் எல்லாரும் சந்திப்பது இது. தகட்டின் கொள்திறன் சுமார் 20 நானோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10 கிலோஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட லைன்-இன்னில் செருகினால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் வடிகட்டப்பட்டுவிடும். 2 கிலோஓம் மைக் உள்ளீட்டில் அந்த எல்லை 4,000 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 1 மெகாஓம் உள்ளீட்டில் 8 ஹெர்ட்ஸ். கிடார் செருகும் ஹை-இசட் (உயர் மின்தடை) உள்ளீடோ, பியெசோவுக்கென்று உள்ள சிறு பஃபர் சுற்றோ இருந்தால் கனம் திரும்பிவிடும். தகட்டைக் காகித நாடாவால் ஒட்டாமல் கிளாம்ப் அல்லது இருபக்கப் பசை நாடாவால் இறுக்குங்கள். தளர்ந்த ஒட்டலும் கனத்தைத் தின்னும். திறந்த தகடு மின்முரலைப் பிடிப்பதால் ஷீல்டு கேபிளும், தகட்டின்மேல் மின்காப்பு நாடாவுக்கு வெளியே எர்த்தோடு இணைத்த அலுமினியத் தாளும் அவசியம்.

கோப்பு திறக்கவில்லை, துண்டாகிறது, மெதுவாக ஓடுகிறது

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே புதுக் கோப்புக்கு மாறும். அது கோளாறு அல்ல, இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளலாம். நடுநடுவே 'டிக்' என்று விட்டுப்போனால் கார்டின் எழுதும் வேகம் போதவில்லை, அல்லது கணினியில் ஃபார்மட் செய்திருக்கிறீர்கள். ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

பேட்டரி நடுவில் செத்து, கோப்பு 0 நொடி என்று காட்டினால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். ஒலி பெரும்பாலும் உள்ளே இருக்கும், தலைப்பகுதிதான் எழுதப்படவில்லை. கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் நகலெடுத்து, ஆடாசிட்டியில் 'ரா டேட்டா'வாக இறக்குங்கள்: 24 பிட், லிட்டில் எண்டியன், 2 சேனல், 48,000. வெறும் இரைச்சல் கேட்டால் ஆரம்ப ஆஃப்செட்டை ஒவ்வொரு பைட்டாகக் கூட்டிப் பாருங்கள். ஆறு முயற்சிக்குள் ஒலி தெளிந்து, இடமும் வலமும் சரியான பக்கத்தில் உட்காரும். பேட்டரி வகையை மெனுவில் சரியாகக் குறிப்பிடுங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. தவறாக வைத்தால் அளவுக்காட்டி பொய் சொல்லும்.

எல்லாம் சற்றே தாழ்ந்து இழுத்தாற்போல் கேட்கிறதா? 48-இல் பதிந்த கோப்பு 44.1 என்று ஓடுகிறது. சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும், நீளம் 9 சதவீதம் கூடும். கோப்பின் ரேட்டைத் திருத்தினால் போதும்.

செல்போன் பதிவில் சத்தம் தானாக ஏறி இறங்குகிறது

போன் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு இல்லாதபோது கெயினை ஏற்றும், உரத்த சத்தம் வந்ததும் அமுக்கும், நிலையான பின்னணியை இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கும். மழைதான் இதில் மிகவும் பாதிக்கப்படும். பத்து நொடியில் மெல்ல மறைந்துவிடும். கெயினைக் கையால் வைக்கவும் தானியங்கி நீக்கங்களை நிறுத்தவும் விடும் பதிவு ஆப் ஒன்றை நிறுவி, வேவ் வடிவில் பதியுங்கள். அப்படியும் ஏறி இறங்கினால் அந்த போனில் வழியில்லை.

அங்கே கேட்டது இங்கே இல்லை

கருவிகளில் எந்தக் குறையும் இல்லை, லெவல் சரி, சீறல் இல்லை. ஆனாலும் பதிவில் அந்த இடம் இல்லை. அதிகம் வரும் அறிகுறி இதுதான், கருவி மாற்றித் தீராததும் இதுதான்.

காரணம் கவனம். இரைச்சலான கூட்டத்தில் ஒரே ஒருவர் பேச்சை எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்பதை 1953-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செர்ரி சோதனைகளால் ஆராய்ந்தார். இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர, அளவு வேறுபாட்டையும் எதிர்பார்ப்பையும் கொண்டு மூளை ஒன்றை முன்னிழுத்து மற்றதைத் தள்ளிவைக்கிறது. மைக் எதையும் தள்ளிவைப்பதில்லை. ஆகவே காதுக்குச் சரியாகத் தோன்றும் தூரம் மைக்குக்கு எப்போதும் அதிகம்; அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். தூரத்தில் நின்றபடி ஷாட்கன்னை நீட்டினால் பொருள் அருகில் வராது. அது பக்கவாட்டு ஒலியைக் குறைக்கும், அதுவும் மேல் அதிர்வெண்களில்தான். அறைக்குள் எதிரொலிகளால் நிறம் மாறியும் போகும்.

பதிவுக்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் கேட்பவை நாம் ஏற்கெனவே பெயர் வைத்திருப்பவை: வண்டி, பேச்சு, விசிறி. ஐந்தாம் நிமிடத்துக்குப் பிறகுதான் மற்றவை வரும்: ஜன்னல் சட்டத்தின் லேசான அதிர்வு, பக்கத்து வீட்டுக் குழாய், மாடியில் யாரோ நடப்பதில் உள்ள நொண்டல். காகிதத்தில் அருகு, நடு, தொலைவு என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத ஒலிக்கு அது எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுதுங்கள். சலசல, மொறமொற, ணங், சர்ர் என்று ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பிறகு ஹெட்போனை மாட்டி இரண்டாவது பட்டியல். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதது எதுவோ அதற்காகத்தான் மைக்கை நகர்த்த வேண்டும். முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருப்பதைக் காது பழகித் தள்ளியிருக்கிறது. பதிவைக் கெடுப்பதும் சில சமயம் பதிவுக்கு உயிர் தருவதும் அதுவே.

நகர்த்துவது என்றால் சாண் கணக்கில். உயரத்தை மாற்றுங்கள், கதவிடுக்கில் வையுங்கள், திறந்த பாத்திரத்தின் வாயருகே பிடியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். ஹெட்போன் ஒலியை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு தொடாதீர்கள். அதை ஏற்றினால் எந்த இடமும் நெருக்கமாகத் தோன்றும், வீட்டில் அந்த நெருக்கம் கோப்பில் இருக்காது.

இதன் மறுபக்கம்: எல்லாமே பதிவில் இருக்கிறது, எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரே தூரத்தில் ஐந்தாறு ஒலிகள் போட்டியிட்டால் இப்படி ஆகும். ஒன்றை மிக அருகில் கொண்டுவந்து மற்றவற்றைத் தானாகப் பின்னுக்குப் போகவிடுங்கள். அல்லது அந்த இடத்திலேயே நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலை ரயில் நிலையமும் மாலை ரயில் நிலையமும் இரண்டு வேறு இடங்கள். மைக்கைக் கையில் பிடித்து ஒலியைத் துரத்தித் திருப்புவதை விடுங்கள். கேட்பவருக்கு உலகமே சுழல்வது போலிருக்கும். நிறுத்திய இடத்திலேயே குறைந்தது ஐந்து நிமிடம் ஓடட்டும். நடந்தபடியே பதிய வேண்டுமானால் காதருகே அணியும் பைனாரல் மைக்குகள்தான் பொருத்தம், அப்போதும் தலையை மெதுவாகத் திருப்புங்கள்.

பதிவில் நடப்பது என்ன என்று வீட்டில் புரியவில்லை

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், மைக் அமைப்பு, எந்தத் திசை நோக்கி வைத்தது என்று தாழ்ந்த குரலில் பேசிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது போகாது. தொடக்கத்தில் மறந்துவிட்டால் முடிவில் பேசி, 'இது முன்னால் ஓடியதற்கு' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடையாளம் தெரியும்படி பிறர் பேச்சு விழுந்திருந்தால் அதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், வெளியிடும் முன் வெட்ட வேண்டிய இடம் அது. எழுந்துபோவதற்கு முன் அதே கெயினில், யாரும் அசையாமல், இரண்டு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். பின்னால் எதை வெட்டினாலும் அந்த ஓட்டையை அடைக்க இது வேண்டும்.